பச்சை குத்தப்படும் பாடங்கள்

எந்தெந்தப் பாடத்தில் 'சஸ்டைனபிலிட்டி' இருக்கிறது என்று கல்லூரிகளிடம் பட்டியல் கேட்கிறார்கள். பட்டியல் வருஷா வருஷம் நீள்கிறது. வகுப்பறையில் என்ன மாறியிருக்கிறது?

மாலை ஐந்தரை மணி. காலேஜ் பஸ்கள் கிளம்பிப் போய் வெகுநேரமாகிவிட்டது. மெக்கானிக்கல் துறை ஸ்டாஃப் ரூமில் மட்டும் விளக்கு எரிகிறது. மேஜை நிறைய பாக்ஸ் ஃபைல்கள். எண்ணெய் ஊறிய தினத்தாளில் ஆறிப்போன பஜ்ஜி. கல்லூரிக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வருவதற்கு இன்னும் சில நாள்கள்தான் பாக்கி. 'கிரைட்டீரியன் ஒன்'னுக்குப் பொறுப்பாகப் போடப்பட்ட உதவிப் பேராசிரியர், கல்லூரியின் மொத்த சிலபஸையும் லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு, தேடும் கட்டத்தில் 'என்விரான்மென்ட்' என்று அடிக்கிறார்.

பக்கம் பக்கமாக மஞ்சள் பட்டைகள் விழுகின்றன. முதலில் சிக்குவது எம்.பி.ஏ-வின் 'பிசினஸ் என்விரான்மென்ட்'. அடுத்தது பைத்தான் லேபில் வரும் 'இன்டக்ரேட்டட் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்'. அது நிரல் எழுத உதவும் ஒரு மென்பொருள். ஆற்றுக்கும் மரத்துக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஒரு கணம் தயங்குகிறார். "இருக்கட்டும் சார், யாரு உள்ளே போய்ப் பார்க்கப் போறாங்க?" என்கிறது பக்கத்து மேஜை. எக்செல் ஷீட்டில் இரண்டு வரிகள் கூடுகின்றன. இரண்டு பாடங்களுக்குப் பச்சை குத்தியாகிவிட்டது.

இது எந்தக் கல்லூரி என்று கேட்காதீர்கள். தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கல்லூரி ஆசிரியரிடம் சொன்னாலும், "எங்க காலேஜ்லதானே பார்த்தீங்க?" என்பார். தமிழ்த் துறைக்கு மட்டும் இந்தத் தலைவலியே இல்லை. சங்க இலக்கியம் என்று ஒரு தாள் இருந்தால் போதும். 'ஐந்திணை வழியாகச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு' என்று ஒரு வரி எழுதி முதல் ஆளாக ஃபைலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள்.

■ யார் கேட்கிறார்கள் இதை?

மூன்று பக்கத்திலிருந்து கேள்வி வருகிறது. முதலாவது நாக். தொழில்நெறி, பாலினச் சமத்துவம், மனித விழுமியம், சுற்றுச்சூழல்-நிலைத்தன்மை ஆகியவற்றைப் பாடத்திட்டத்தில் எப்படிக் கலந்திருக்கிறீர்கள் என்று அதன் கையேட்டில் 1.3.1 என்ற எண்ணில் ஒரு கேள்வி உண்டு. பதிலாகப் போவதுதான் மேலே பார்த்த எக்செல் ஷீட்.

இரண்டாவது, பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்.பி.ஏ. இந்தியா 2014 ஜூனில் வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது. நம் ஊர் பி.இ. பட்டத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் சமமாக மதிக்க வேண்டுமானால், பட்டம் வாங்குகிறவருக்கு இன்னின்ன திறன் இருக்க வேண்டும் என்ற பொதுப் பட்டியலை நாமும் ஏற்க வேண்டும். அப்படி வந்தவைதான் 12 'புரோகிராம் அவுட்கம்'கள். அதில் ஏழாவது, சுற்றுச்சூழலும் நிலைத்தன்மையும். பொறியியல் ஆசிரியர்களின் அன்றாடப் பேச்சில் அது வெறும் 'பி.ஓ. செவன்'. அண்மையில் என்.பி.ஏ. அந்தப் 12-ஐ 11 ஆக்கியது. ஏழாவதைச் சமூகப் பொறுப்போடு சேர்த்து, 'பொறியாளரும் உலகமும்' என்ற ஒரே தலைப்பில் ஆறாவதாக வைத்திருக்கிறது.

ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு அவுட்கமுக்கும் எவ்வளவு உதவுகிறது என்று 1, 2, 3 மார்க் போட்டுக் கட்டம் நிரப்ப வேண்டும். லேசாக என்றால் 1, நிறைய என்றால் 3, ஒன்றுமில்லை என்றால் கோடு. "பி.ஓ. செவனுக்கு ஒரு டூ போட்டுக்கோங்க மேடம், கோடு விட்டா கேள்வி வரும்" என்பதைக் கேட்காத துறை இருக்காது.

மூன்றாவது, தரவரிசைகள். டைம்ஸ் ஹயர் எஜுகேஷன் 2019-ல் 'இம்பாக்ட்' பட்டியலைத் தொடங்கியது. க்யூ.எஸ். அதன் பின்னால் வந்தது. 2025-ல் நம் என்.ஐ.ஆர்.எஃப்-பும் நீடித்த வளர்ச்சி இலக்குகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டது. முதலிடம் சென்னை ஐ.ஐ.டி-க்கு. பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இது கௌரவம். சின்னக் கல்லூரிகளுக்கு அட்மிஷன் சீசனில் பேனர் அடிக்க ஒரு வரி.

— பெட்டி: நீதிமன்றம் வைத்த பாடம் —

இந்தியக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கட்டாயப் பாடமாக நுழைந்தது கல்வியாளர்களின் யோசனையால் இல்லை, வழக்கறிஞர் எம்.சி. மேத்தா போட்ட பொதுநல வழக்கால். 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சினிமா தியேட்டர்கள் ஒவ்வொரு காட்சியிலும் குறைந்தது இரண்டு சுற்றுச்சூழல் ஸ்லைடுகளை இலவசமாகக் காட்ட வேண்டும். வானொலியும் தூர்தர்ஷனும் நிகழ்ச்சி போட வேண்டும். பள்ளி, கல்லூரிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும். ஸ்லைடு சீக்கிரம் வந்தது, பாடம் வரவில்லை. 2003-ல் நீதிமன்றம் மறுபடி பிடித்து உலுக்கிய பிறகுதான் யு.ஜி.சி-யின் ஆறு மாதப் பொதுப் பாடம் எல்லா இளங்கலைப் படிப்புகளுக்கும் போனது. மொத்தம் 50 வகுப்பு, அதில் 5 களப்பணிக்கு. 100 மார்க்கில் எழுத்துத் தேர்வுக்கு 75, களப்பணிக்கு 25. பாடநூலை எழுதியவர் புனே பாரதி வித்யாபீடத்தின் எராக் பரூச்சா. 2023-ல் யு.ஜி.சி. இதைத் திருத்தி 4 கிரெடிட் கொண்ட புதிய பாடத்திட்ட வரைவைத் தந்தது.

■ பெயர் நீண்டது, பீரியட் குறைந்தது

அண்ணா பல்கலைக்கழகத்தின் இரண்டு சிலபஸை அருகருகே வைத்துப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும்.

2017 ஒழுங்குமுறையில் பாடத்தின் பெயர் 'என்விரான்மென்டல் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்'. 3 கிரெடிட், 45 பீரியட். உள்ளே ஒரு வரி: அருகிலுள்ள செடி, பூச்சி, பறவைகளைக் களத்தில் பார்க்க வேண்டும், குளம், ஆறு, மலைச்சரிவு போல ஏதாவது ஒரு சூழலமைப்பைப் போய் ஆராய வேண்டும். இன்னொரு யூனிட்டில்: உள்ளூரில் மாசுபட்ட ஓர் இடத்தை நேரில் பார்க்க வேண்டும். இவை யு.ஜி.சி-யின் பழைய களப்பணிப் பட்டியலிலிருந்து அப்படியே வந்த வரிகள்.

2021 ஒழுங்குமுறையில் பெயர் 'என்விரான்மென்டல் சயின்சஸ் அண்ட் சஸ்டைனபிலிட்டி' ஆனது. 2 கிரெடிட், 30 பீரியட். சுழற்சிப் பொருளாதாரம், ஒரு பொருளின் வாழ்நாள் மதிப்பீடு, பசுமைக் கட்டடம், கார்பனைப் பிடித்துவைத்தல் எனக் காலத்துக்கேற்ற தலைப்புகள் வந்தன. நல்ல தலைப்புகள்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் குளத்தையும் மாசுபட்ட இடத்தையும் போய்ப் பார்க்கச் சொன்ன வரிகளைக் காணோம். புதிய தலைப்புகள் கூடியபோது அவற்றை நடத்தும் நேரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பி.இ. முடிக்க வேண்டிய சுமார் 160 கிரெடிட்டில் இதற்குக் கிடைத்த இடம் இரண்டு.

பழைய களப்பணியும் பெரும்பாலும் ஒப்புக்குத்தான் நடந்தது என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். பஸ் ஏற்பாடு, பெற்றோர் சம்மதக் கடிதம், முதல்வர் அனுமதி என்று அலைவதற்குப் பதில், கேம்பஸ் தோட்டத்திலேயே நாலு இலையைப் பறித்து ரெக்கார்டு நோட்டில் ஒட்டியவர்கள் ஏராளம். ஆனாலும் சிலபஸில் ஒரு வரி இருந்தால், ஆர்வமுள்ள ஒரு ஆசிரியர் அதைக் காட்டி மாணவர்களைப் பள்ளிக்கரணைக்கோ நொய்யல் கரைக்கோ கூட்டிப் போக முடியும். வரியே இல்லையென்றால் அவர் கையில் அனுமதிச் சீட்டு இல்லை.

கலை, அறிவியல் கல்லூரிகளில் இதன் பெயர் 'ஈ.வி.எஸ்.' பார்ட் ஃபோரில் வரும். மேஜர் பாடத்தின் கிளாஸை அது தொடாது, பாஸானால் போதும். தேர்வுக்கு முந்தின நாள் லோக்கல் ஆத்தர் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஓசோன் ஓட்டையையும் அமில மழையையும் ஒரு ராத்திரியில் முடித்துவிடுகிறார்கள். பள்ளியில் ஏழாம் வகுப்பில் படித்ததையே மூன்றாவது முறையாகப் படிப்பதாக மாணவர்கள் சொன்னால் அதில் மிகை இல்லை.

■ 'கெமிஸ்ட்ரி மேடம் எடுத்துக்கட்டும்'

யார் நடத்துகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பொறியியல் கல்லூரிகளில் இந்தத் தாள் வழக்கமாகப் போய்ச் சேரும் இடம் வேதியியல் துறை. முதலாண்டு முடிந்ததும் அவர்களுக்கு வேறு வகுப்பு இல்லை என்பதே பெரும்பாலும் காரணம். கலைக் கல்லூரிகளில் வொர்க்லோட் குறைகிறவர் தலையில் கட்டப்படும். அவர் வணிகவியல்காரராக இருக்கலாம், ஆங்கிலத்துறைக்காரராக இருக்கலாம். இத்தனைக்கும் யு.ஜி.சி. நெட் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் ஒரு தனிப் பாடம். அதில் தேறிய பிறகும், தாங்கள் எடுக்க வேண்டிய வகுப்பு வேறு துறைக்குப் போகிறது என்பது அந்தத் துறைப் பட்டதாரிகளின் நெடுநாள் மனக்குறை.

வேதியியல் ஆசிரியர்கள்மேல் பழி போட முடியாது. அவர்கள் மாசு பற்றி நன்றாகவே நடத்துவார்கள். சிக்கல் வேறு இடத்தில். தனியாக ஒரு தாள் வைத்துவிட்டதால் மற்ற ஐம்பது தாள்களும் விடுதலையாகிவிட்டன. கான்கிரீட் நடத்தும் சிவில் ஆசிரியர் சிமென்ட் வெளியிடும் புகையைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, அது ஈ.வி.எஸ். மேடம் வேலை. சாயத் தொழில்நுட்பம் நடத்துகிறவர் சாயக்கழிவைத் தொட வேண்டாம். காஸ்ட் அக்கவுண்டிங் நடத்துகிறவர் ஆற்றைக் கெடுத்ததற்கு என்ன விலை என்று கேட்க வேண்டாம். இதைச் சரிசெய்யத்தான் ஒவ்வொரு பாடத்திலும் இது எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார்கள் நாக்கும் என்.பி.ஏ-வும். நோக்கம் சரியானது. அது வந்து முட்டி நின்ற இடம், தேடும் கட்டமும் எக்செல் ஷீட்டும்.

■ வெர்மான்ட் என்ன செய்தது?

அமெரிக்காவில் இந்த அடையாளமிடும் வேலை கொஞ்சம் முன்பே தொடங்கியது. உயர்கல்வியில் நிலைத்தன்மைக்காக இயங்கும் ஆஷீ என்ற அமைப்பு 2010-ல் 'ஸ்டார்ஸ்' என்ற மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. பல்கலைக்கழகம் தன் பாடங்களை எல்லாம் எடுத்து, நிலைத்தன்மையையே மையமாகக் கொண்டவை, அதை ஒரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டவை என்று இரண்டு கூடையாகப் பிரித்துப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். ஸ்டார்ஸின் இரண்டாம் பதிப்பில் இந்த ஒரு கேள்விக்கு மட்டும் 14 புள்ளிகள். 2015-ல் முதன்முதலாக 'பிளாட்டினம்' வாங்கியது கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம்.

புள்ளிக்காகப் பட்டியல் போடும் பழக்கம் அங்கேயும் உண்டு. ஒரு யூனிட் இருந்தாலே இரண்டாவது கூடையில் போட்டுவிடலாம் என்பதால் இழுத்துச் சேர்ப்பதற்கு இடம் இருக்கிறது. அதே நாட்டில் வேறு மாதிரி யோசித்தவர்களும் இருக்கிறார்கள்.

வெர்மான்ட் பல்கலைக்கழகம் 2015-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து தொடங்கி, எந்தத் துறையில் படித்தாலும் நிலைத்தன்மைத் தேவை ஒன்றை நிறைவேற்றியாக வேண்டும் என்றது. 'எஸ்.யு.' குறியீடு பெற்ற பாடத்தை எடுத்தால் அது நிறைவேறும். அந்தக் குறியீடு சிலபஸில் ஒரு சொல் இருப்பதற்காகக் கிடைக்காது. பாடத்தை நடத்துகிற ஆசிரியர், இதை முடித்ததும் மாணவரால் என்ன செய்ய முடியும், அதை எப்படிச் சோதிக்கப் போகிறேன் என்று எழுதித் தர வேண்டும். சக ஆசிரியர்கள் கொண்ட குழு அதைப் படித்துப் பார்க்கும். போதாது என்றால் திருப்பி அனுப்பும். தரச்சான்று வாங்க வருகிற வெளியாள் முன் காட்டும் ஃபைலுக்கும், தினம் கேன்டீனில் பார்க்கிற சக ஆசிரியர் படிக்கப்போகும் விண்ணப்பத்துக்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதில் பைத்தான் மென்பொருளை நுழைக்கக் கொஞ்சம் கூச்சம் வரும்.

— பெட்டி: முப்பது சதவீதக் கணக்கு —

சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2024-ல் சேர்ந்தவர்களிலிருந்து காலநிலை மாற்றம் பற்றி ஒரு பாடமாவது படித்தாக வேண்டும் என்றது. 2022-ல் காலமான புவி அறிவியல் ஆசிரியை ஜேன் டெரேன்ஸின் பெயரை இந்த ஏற்பாட்டுக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு பாடம் இந்த அடையாளத்தைப் பெற, உள்ளடக்கத்தில் குறைந்தது 30 சதவீதம் காலநிலை சார்ந்ததாக இருக்க வேண்டும். அறிவியல் அடிப்படை, மனிதர்மீதான தாக்கம், தணிக்கும் வழிகள், செயல்திட்டப் பயிற்சி ஆகிய நான்கில் இரண்டையாவது தொட வேண்டும். ஸ்பெயினில் கதை வேறு. 2022 நவம்பரில் பார்சிலோனா பல்கலைக்கழகக் கட்டடத்தில் மாணவர்கள் ஒரு வாரம் குடியேறி உட்கார்ந்தார்கள். எல்லா மாணவர்களுக்கும் காலநிலை நெருக்கடி பற்றிய கட்டாயப் பாடம் வைக்க நிர்வாகம் ஒப்புக்கொண்ட பிறகே எழுந்தார்கள். நம் ஊரில் நீதிமன்றம் வைத்த பாடத்தை அங்கே மாணவர்களே கேட்டு வாங்கினார்கள்.

■ ஒரு பிடி சாம்பல், நாலு டிபார்ட்மென்ட்

சரி, ஒரு பாடத்தில் இது 'இருக்கிறது' என்றால் எப்படி இருக்கும்? சிவில் படிப்பவர்கள் எல்லோரும் போட்டுப் பழகிய ஒரு கணக்கையே எடுத்துக்கொள்வோம்: கான்கிரீட் மிக்ஸ் டிசைன்.

எம்25 கான்கிரீட். ஐ.எஸ். 456 அட்டவணைப்படி மிதமான பாதிப்புள்ள இடத்தில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்குக் குறைந்தது 300 கிலோ சிமென்ட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் அதிகபட்சம் 0.50. மாணவர் ஐ.எஸ். 10262-ஐப் புரட்டி, ஒரு கன மீட்டருக்கு 380 கிலோ சிமென்ட் என்று விடை எழுதுகிறார் என்று வையுங்கள். முழு மார்க். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

இப்போது அதே கேள்வியில் ஒரு வரி கூட்டுங்கள்: 'சிமென்ட்டில் கால் பங்கை அனல்மின் நிலைய உலர் சாம்பலால் மாற்றினால், கன மீட்டருக்கு எவ்வளவு கரியமில வாயு மிச்சமாகும்? 28 நாள் வலுவில் என்ன மாறும்? சென்ட்ரிங் பிரிக்கும் நாள் தள்ளிப்போகுமா?' இந்த அளவு சாம்பல் புதுமை இல்லை. கடையில் விற்கும் பி.பி.சி. சிமென்ட்டிலேயே 15 முதல் 35 சதவீதம் வரை சாம்பல் கலக்க ஐ.எஸ். 1489 அனுமதிக்கிறது. கணக்குப் போட்டால், 95 கிலோ சிமென்ட் குறைகிறது. கரியமில வாயு சுமார் 80 கிலோ குறைகிறது. ஆரம்ப வலு மெதுவாக ஏறும் என்பதால் மேஸ்திரி அவசரப்பட்டு முட்டுக்கொடுத்த பலகையைப் பிரிக்கக் கூடாது. உலகம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏழெட்டு சதவீதம் சிமென்ட்டிலிருந்து வருகிறது என்ற தகவல் இந்த மாணவருக்கு இனி மனப்பாட வரியாக இருக்காது. சைட்டில் எடுக்க வேண்டிய முடிவாக மாறிவிடும். இந்தக் கேள்வியில் 'சஸ்டைனபிலிட்டி' என்ற சொல் ஓரிடத்தில்கூட இல்லை என்பதையும் கவனியுங்கள். ஸ்டாஃப் ரூம் தேடும் கட்டத்தில் இது சிக்கவே சிக்காது.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? எண்ணூரிலிருந்தும் வரலாம். வட சென்னை அனல்மின் நிலையத்தின் சாம்பல், குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. இறால் பாடு குறைந்தது என்று அங்குள்ள மீனவர்கள் வருஷக்கணக்காகச் சொல்லி வருகிறார்கள். சிவில் மாணவருக்கு அந்தச் சாம்பல் மூலப்பொருள். வேதியியல் மாணவருக்கு அதிலுள்ள கன உலோகங்கள் ஆய்வுப் பொருள். சட்டக் கல்லூரி மாணவருக்கு இழப்பீட்டு வழக்கு. பொருளியல் மாணவருக்கு, மின்கட்டண பில்லில் ஏறாத செலவு. நாலு டிபார்ட்மென்ட்டுக்கும் சொந்தமான அந்தச் சாம்பலை ஈ.வி.எஸ். தாளில் 'திடக்கழிவு மேலாண்மை – குறிப்பு வரைக' என்று இரண்டு மார்க்கில் முடித்துவிடுகிறோம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் எங்களுக்கும் இதற்கும் என்ன என்று நழுவ முடியாது. 2024-ல் உலகின் டேட்டா சென்டர்கள் தின்ற மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி; மொத்த உலகப் பயன்பாட்டில் ஒன்றரை சதவீதம் என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் அவை எழும்பி நிற்கின்றன. ஒரு அல்காரிதம் எவ்வளவு நேரத்தில் முடியும், எவ்வளவு மெமரி பிடிக்கும் என்று கேட்கும் ஆசிரியர், எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று மூன்றாவதாக ஒரு கேள்வி கேட்டால் சிலபஸ் ஒன்றும் கிழிந்துவிடாது.

■ வேலைக்குப் போகிற இடத்தில்

இதெல்லாம் நல்லெண்ண விவகாரம், பிள்ளைகளுக்கு வேலை கிடைக்க உதவுமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். இப்போது உதவுகிறது.

பங்குச்சந்தையில் முதல் ஆயிரம் இடத்திலுள்ள நிறுவனங்கள் 2022-23 முதல் தங்கள் நீர், மின்சாரம், கழிவு, புகைக் கணக்கை ஆண்டறிக்கையோடு சேர்த்து வெளியிட வேண்டும் என்று செபி கட்டாயமாக்கியிருக்கிறது. பெரிய நிறுவனங்களுக்கு, அந்தக் கணக்கின் முக்கியப் பகுதிகளை வெளியாள் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. அதாவது இது தணிக்கை வேலை; பி.காம் படித்தவர் செய்ய வேண்டியது. ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவற்றுக்குக் கார்பன் எல்லை வரி முறையைக் கொண்டுவந்திருக்கிறது. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள். 2026 ஜனவரி முதல் இறக்குமதியாகும் சரக்குக்குப் பணமும் கட்ட வேண்டும். போல்ட்டும் நட்டும் ஏற்றுமதி செய்கிற பட்டறைகூட, இந்த லாட்டுக்கு எத்தனை டன் கரியமில வாயு என்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்த மெக்கானிக்கல் பட்டதாரியை முதலாளிகள் தேடுகிறார்கள்.

திருப்பூருக்கு இது ஏற்கெனவே பழக்கமான பாடம். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையை நாசமாக்கி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது ஊரே ஸ்தம்பித்தது. சொட்டுக் கழிவுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு மாறித்தான் தொழில் பிழைத்தது. அந்த மாற்றத்தை இன்று ஓட்டுகிறவர்கள் எதிர்ச் சவ்வூடு பரவலையும் உப்பு மீட்பையும் பிளான்ட்டில் நின்று கற்றவர்கள்.

ஆகவே அட்மிஷன் சமயத்தில் 'சஸ்டைனபிள்' என்று தொடங்கும் புதுப் படிப்பின் பிராஸ்பெக்டஸ் கைக்கு வந்தால், பசுமை கேம்பஸ் விருதையும் சோலார் பேனல் போட்டோவையும் தள்ளி வையுங்கள். போன செமஸ்டர் கேள்வித்தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். கடைசி வருஷ புராஜெக்ட் தலைப்புகளைக் கேளுங்கள். தயங்கினால் தெரிந்துவிடும்.

■ முத்திரையைக் கேள்வித்தாளில் குத்தலாமே!

எனக்கு இந்த அடையாளமிடும் வேலையே வீண் என்று தோன்றவில்லை. பட்டியல் கேட்பதால்தான் ஒரு சில ஆசிரியர்களாவது தங்கள் பாடத்தைத் திரும்பிப் பார்க்கிறார்கள். புதிதாக ஒரு யூனிட் சேர்க்க பாடத்திட்டக் குழுவில் வாதாட அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. அடையாளம் போடுகிற இடம்தான் தப்பு. சிலபஸ் என்பது நடத்துவதாகச் சொன்னது. கேள்வித்தாள் என்பது நடத்தியது.

இதற்குப் புதிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். ஆட்டோனமஸ் கல்லூரிகளின் வினாத்தாளை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் அது எந்தக் கோர்ஸ் அவுட்கம், சிந்தனைத் திறனைப் படிகளாகப் பிரிக்கும் புளூம் வரிசையில் எந்தப் படி என்று சின்னச் சின்னக் கட்டங்களில் ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட இடம் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழக முறையில் பார்ட் சி என்பது ஒரே கேள்வி, 15 மார்க். படித்ததைப் பிரயோகித்துக் காட்டச் சொல்வது. ஒரு பாடத்துக்குப் பச்சை குத்த வேண்டுமா? மூன்று வருஷத்து பார்ட் சி-யைக் கொண்டுவாருங்கள் என்று நாக் கேட்கட்டும். எக்செல் ஷீட் பாதியாகச் சுருங்கிவிடும். சுருங்குவதற்குப் பயப்படாத கல்லூரி எது என்பதும் தெரிந்துபோகும்.

எதிர்ப்பு வரும். கேள்வித்தாள் தயாரிக்கிறவர் பெரும்பாலும் வெளிக் கல்லூரிக்காரர். அவருக்குக் கொடுக்கும் நேரமும் சன்மானமும் சொற்பம். அவர் பழைய தாளைப் பார்த்து எண்ணை மாற்றுவதே நடைமுறை என்பார்கள். உண்மைதான். புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால், 'அவுட் ஆஃப் சிலபஸ்' என்று மாணவர்கள் கிரேஸ் மார்க் கேட்பார்கள். அதுவும் நடக்கும். அடித்தளப் பாடங்களில் எதற்கும் பச்சைச் சாயம் பூச வேண்டாம் என்று கணிதத் துறைக்காரர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மை லாப்லாஸ் டிரான்ஸ்ஃபார்மாகவே விட்டுவிடலாம்; அங்கே கோடு போட்டால் ஒரு குடியும் முழுகிவிடாது. கோடு போட ஆசிரியருக்கு உரிமை இருந்தால்தான், அவர் வேறொரு பாடத்துக்குப் போடும் 3-க்கு மதிப்பு இருக்கும்.

■ பாலாறு, ராணிப்பேட்டை

நீடித்த வளர்ச்சி என்ற கருத்தை இந்தியச் சட்டத்துக்குள் அழுத்தமாகக் கொண்டுவந்த தீர்ப்பு நம் பாலாற்றங்கரையிலிருந்து போன வழக்கில் வந்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு, மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும், ஆபத்து நிரூபணமாகும் வரை காத்திருக்காமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தோல் பதனிடும் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனியாகப் பசுமை அமர்வு அமைக்கச் சொன்னது. அதே வட்டாரத்தில், ராணிப்பேட்டையில், மூடிப்போன குரோமேட் தொழிற்சாலை ஒன்று விட்டுச்சென்ற குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாமல் குவிந்து, மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீராக நிலத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த வட்டாரத்துக் கல்லூரிகளிலும் பாடங்களுக்கு அடையாளம் போடுகிறார்கள். அங்கிருந்து தொடங்கலாம். வேதியியல் மாணவருக்கு ஒரு பார்ட் சி: ஆறு இணைதிறன் கொண்ட குரோமியத்தை மூன்றாகக் குறைக்க இந்த மண்ணுக்கு எந்த ஒடுக்கி பொருந்தும், செலவென்ன? சிவில் மாணவருக்கு: நிலத்தடி நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, தடுப்புச் சுவரை எங்கே எழுப்புவீர்கள்? சட்டம் படிப்பவருக்கு: நிறுவனமே மூடப்பட்ட பிறகு 'மாசுபடுத்தியவர்' என்று யாரைச் சொல்வீர்கள்? பி.காம் மாணவருக்கு: ஆலை ஓடிக்கொண்டிருந்த வருஷங்களிலேயே இந்தக் கழிவை அள்ளும் செலவுக்கு ஒதுக்கீடு செய்திருந்தால், லாப-நஷ்டக் கணக்கில் எத்தனை வருஷம் லாபம் காட்டியிருக்க முடியும்? நாலுக்கும் தலா 15 மார்க். நாலிலும் நிலைத்தன்மைக்கு 3 போட்டுக்கொள்ளலாம். எந்தக் குழு வந்து கேட்டாலும் தாளை எடுத்து நீட்டலாம்.